புத்தகசாலைகளின் ஐந்தொகை

2024ஆம் வருஷம் நவம்பர் மாதம் 25ஆம் தேதியன்று மத்திய மந்திரி சபையார் ஒரு தீர்மானம் செய்தனர். தேசத்திலுள்ள சர்க்கார் சர்வகலாசாலைகளிலும் கலாசாலைகளிலும் மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனங்களிலும், ஆக 6,300-க்கு மேற்பட்ட இடங்களில், பயில்வோரும் போதிப்போரும் சர்வதேசப் பிரசுரகர்த்தர் 30 பேருடைய சுமார் 13,000 ஆராய்ச்சிச் சஞ்சிகைகளைக் கணினி வழியாகப் படிப்பதற்கென, 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்குவது என்பதே அத்தீர்மானம். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று திட்டத்துக்குப் பெயரிட்டனர். இதனால் பயனடையக் கூடியவர் சுமார் 1 கோடியே 80 லக்ஷம் பேர் என்று சர்க்கார் அறிக்கை கூறிற்று. வகுத்துப் பார்த்தால், ஆளுக்கு வருஷம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் சொச்சம் ஆகிறது.

திட்டத்தின் நோக்கத்தில் நமக்கு ஆக்ஷேபம் கிடையாது. டில்லியிலும் பெங்களூரிலும் உள்ள பெரிய ஸ்தாபனங்களின் மாணவர் படிக்கும் சஞ்சிகையைத் திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள ஒரு சர்க்கார் கலாசாலை மாணவனும் தன் ஊரிலிருந்தபடியே படிக்கலாம் என்றால், அதை வரவேற்காதவர் யார்? ஆயினும் இத்தொகை குடிகளின் வரிப்பணம். அதில் மிகப் பெரும் பகுதி கடல் கடந்து போகிற பணம். இத்தனைக்கும் அச்சஞ்சிகைகளில் வரும் வியாசங்களை எழுதுகிறவர்களில் நம்மவர் ஆயிரக்கணக்கானவர். எழுதியதற்குச் சன்மானம் பெறாதவர். நம் வீட்டு நெல்லை நாமே குத்திக் கொடுத்துவிட்டு, அரிசியை விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்குவது தவிர்க்க முடியாததாயிருக்கலாம். என்ன விலைக்கு வாங்கினோம், யார் உண்டார்கள், எவ்வளவு மிஞ்சிற்று என்ற கணக்கையாவது நாம் கேட்க வேண்டாமா?

ஆராய்ச்சிப் புத்தகசாலை ஒன்று தன் இருப்பையும் செலவையும் ஊழியத்தையும் எவ்வாறு கணக்கெடுப்பது என்னும் விஷயத்தில் உலகத்திலேயே நீண்ட அனுபவம் உடையவர்கள் அமெரிக்கர்கள். நூறு வருஷங்களுக்கு மேலாக அவர்கள் இந்தக் கணக்கை எழுதி வருகிறார்கள். எழுதியதில் நன்மையும் கண்டார்கள். பெரும் பிழைகளும் செய்தார்கள். அவர்களுடைய பேரேட்டைச் சற்றே புரட்டிப் பார்த்தால், நாம் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

மின்னஸோட்டா சர்வகலாசாலையின் புத்தகசாலைத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் தேயர் ஜெரூல்டு என்பவர். 1906ஆம் வருஷத்தில் அவர் தம் தொழில் சஞ்சிகை ஒன்றில் ஒரு யோசனையை வெளியிட்டார். சர்வகலாசாலைப் புத்தகசாலைகள் எல்லாம் ஒரே தலைப்புகளின் கீழ்த் தங்கள் கணக்குகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துக் கொள்ள வேண்டும். இருப்பு எத்தனை, வருஷத்தில் சேர்ந்தவை எத்தனை, புத்தகத்துக்கும் சஞ்சிகைக்கும் பைண்டுக்கும் ஆன செலவு எவ்வளவு, ஊழியர் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்று ஒரே நமூனாவில் எழுத வேண்டும் என்பது அவர் யோசனை. யோசனையோடு நிற்காமல் 1907-08 முதல் தாமே கணக்குகளைச் சேகரித்தார். 1920இல் அவர் பிரின்ஸ்டன் சர்வகலாசாலைக்குப் போனபோது இந்தக் காரியமும் அவருடனேயே போயிற்று. அவர் ஓய்வு பெற்ற பின்பும் பிரின்ஸ்டன் ஊழியர்கள் அதை விடாமல் 1961-62 வரையில் நடத்தி வந்தனர். ஒரு தனி மனிதர் மேற்கொண்ட காரியம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு வருஷமும் முறியாமல் நடந்தது என்றால், அதற்கு எவ்வளவு தேவை இருந்திருக்க வேண்டும் என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அத்தேவை எதனால் ஏற்பட்டது? வக்கீல் தொழிலைச் சில காலம் நடத்திய நமக்கு அது எளிதில் புலப்படுகிறது. புத்தகசாலைத் தலைவர் நிர்வாகசபையின் முன் போய், ‘பணம் போதவில்லை’ என்றால், அது வெறும் பிராது. எந்த இலாகாவின் தலைவர்தான் போதும் என்று சொல்லியிருக்கிறார்! ஆனால், ‘நம்மைப் போன்ற மாணவர் தொகையுள்ள அடுத்த மாகாணத்துச் சர்வகலாசாலை புத்தகத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறது, நாம் அதில் பாதி செலவழிக்கிறோம், இதோ அவர்கள் கணக்கு, இதோ நம் கணக்கு’ என்று சொன்னால், பிராது சாட்சியமாகிவிடுகிறது. எதிர்க்கட்சி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜெரூல்டு தம் தொழிலாளர்க்குச் சாட்சியம் தேடித் தந்தார் என்பதே அவர் செய்த உபகாரம்.

1932இல் சிக்காகோ நகரில் ஆராய்ச்சிப் புத்தகசாலைகளின் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளையும் கானடாவையும் சேர்ந்த சுமார் 125 புத்தகசாலைகள் அதில் அங்கம் பெற்றிருக்கின்றன. 1961-62 முதல் வருஷாந்தக் கணக்கை இச்சங்கமே வாங்கி அச்சிட்டு வெளியிடலாயிற்று. ஒவ்வொரு புத்தகசாலையின் பெயருக்கு நேரே அதன் எண்கள் பகிரங்கமாக நிற்கும். மொத்தத்தை மட்டும் காட்டிவிட்டு விவரத்தை மறைக்கும் வழக்கம் இல்லை. இந்த ஒரு குணத்துக்காகவே அதைப் பாராட்டலாம்.

இனி, அதன் குறைகளுக்கு வருவோம். எண்ணுவது சுலபம் என்று எண்ணாதவர்கள்தாம் நினைப்பார்கள். ‘புத்தகம் ஒன்று’ என்பது என்ன? பத்துச் சிறு பிரசுரங்களைச் சேர்த்து ஒரே பைண்டாகக் கட்டியிருந்தால் அது ஒன்றா, பத்தா? சர்க்கார் அறிக்கைகளைக் கணக்கில் சேர்ப்பதா, தனியே வைப்பதா? ஒரு படச்சுருளில் ஒரு தினசரியின் ஒரு வருஷம் முழுவதும் அடங்கியிருந்தால் அதை எப்படி எழுதுவது? ஒருவர் சேர்த்தும் மற்றொருவர் நீக்கியும் எழுதினால், பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருந்தும் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. ஆகவே எண்களைவிட அடிக்குறிப்புகள் அதிகமாயின. கணினி வந்த பின் சிக்கல் இரட்டித்தது. விலைக்கு வாங்கிய புத்தகம் அலமாரியில் இருக்கும். சந்தா கட்டிப் படிக்கும் மின்சஞ்சிகையோ, சந்தா நின்ற மறுநாள் பெரும்பாலும் கைவிட்டுப் போய்விடும். குடிக்கூலிக்கு இருக்கும் வீட்டைச் சொந்த ஆஸ்திப் பட்டியலில் எழுதலாமா? எழுதத்தான் எழுதினார்கள். எழுதாவிட்டால் பக்கத்துப் புத்தகசாலை பெரிதாகத் தோன்றிவிடுமே!

இங்கேதான் பெரிய பிழை நேர்ந்தது. சங்கத்தார் தங்கள் அங்கத்தினரின் தகுதியை அளப்பதற்கு ஒரு குறியீட்டு எண்ணை ஏற்படுத்தினார்கள். மொத்த இருப்பு, வருஷத்தில் சேர்ந்தவை, நடப்பிலுள்ள சஞ்சிகைகள், மொத்தச் செலவு, ஊழியர் தொகை ஆகிய ஐந்தையும் கொண்டு அது கணிக்கப்பட்டது. சேர்க்கத் தக்கவர் யார் என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட அளவுகோல், அதிக நாள் செல்லுமுன்னரே யார் பெரியவர், யார் சிறியவர் என்று காட்டும் பந்தயப் பலகையாக மாறிற்று. உயர்தரக் கல்வி பற்றிய பத்திரிகைகள் அவ்வரிசையை வெளியிட்டன. சர்வகலாசாலைத் தலைவர்கள் முதலில் பார்ப்பது தங்கள் இடம் ஏறிற்றா, இறங்கிற்றா என்பதையே. பழுதாய்ப் போன இரட்டைப் பிரதிகளைக் கழித்துச் சுத்தம் செய்கிற புத்தகசாலைக்கு வரிசையில் இடம் இறங்கும். எவரும் தொடாத மூட்டைகளைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு இடம் ஏறும். 2000த்துக்குப் பிந்திய பத்து வருஷங்களில் இதன் அபத்தம் உணரப்பட்டு, இருப்பெண்ணை நீக்கிவிட்டுச் செலவையும் ஊழியரையும் அடிப்படையாகக் கொண்ட வேறொரு குறியீட்டைக் கொண்டு வந்தார்கள். அதிலும் நமக்குத் திருப்தியில்லை. ஒரே சரக்குக்கு இருவர் பேரம் பேசினால், ஏமாந்து அதிக விலை கொடுத்தவன் மேலான புத்தகசாலைக்காரனாகவும், சாமர்த்தியமாய்க் குறைத்து வாங்கினவன் கீழானவனாகவும் இவ்வளவுகோல் காட்டுமல்லவா?

இருப்பைப் பற்றிய கர்வத்துக்கு 1979ஆம் வருஷத்தில் ஒரு பலமான அடி விழுந்தது. பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையில் ஆலன் கென்ட் என்பவரும் அவர் சகாக்களும் ஓர் ஆராய்ச்சி செய்து வெளியிட்டனர். 1969இல் அச்சர்வகலாசாலை வாங்கிய சுமார் 37,000 புத்தகங்களை எடுத்துக் கொண்டு, ஒவ்வொன்றும் எத்தனை தடவை இரவல் போயிற்று என்று 1975 வரையில் பார்த்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது புத்தகங்கள் ஒரு தடவைகூட வெளியே போகவில்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடே உதவாமல் கிடந்தது. ஆசிரியர்கள் வெகுண்டெழுந்தார்கள். அறைக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பது சரியாகக் கணக்கில் வரவில்லை என்றார்கள். ஆராய்ச்சிப் புத்தகம் அவல் பொரி அல்ல, வாங்கின மாலையிலேயே செலவாவதற்கு என்றும் வாதித்தார்கள்.

அவர்கள் வாதத்தையும் நாம் தள்ளிவிடுவதற்கில்லை. நம் சென்னையின் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் தமது கடைசி வருஷத்தில் எழுதிய கணிதக் காகிதங்கள், 1968 முதல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலைப் புத்தகசாலையில், வாட்ஸன் என்ற கணித ஆசிரியரின் தஸ்தாவேஜுகளோடு ஒரு பெட்டியில் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அப்பெட்டியைத் திறந்து பார்க்கும் வரையில், உலகத்துக்கு அவற்றைப் பற்றித் தெரியாது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தக் காகிதங்கள் எத்தனையோ பேருடைய ஆயுட்கால ஆராய்ச்சிக்கு விதையாயின. எட்டு வருஷங்களில் உபயோகம் பூஜ்யம் என்று கணக்கன் எழுதி, அதை நம்பி ஒருவர் அப்பெட்டியைக் கழித்திருந்தால்? கென்ட் சொன்ன எண்ணும் மெய். ஆசிரியர்களின் அச்சமும் மெய். எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. நல்ல நீதிபதி பேரேட்டைப் படித்த பின் சாட்சியையும் கூப்பிடுவார்.

இவ்வளவு குறைகள் இருந்தும் அந்தக் கணக்கு தேசத்துக்கு எவ்விதம் பயன்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். சஞ்சிகைகளின் விலை ஏறிக் கொண்டே போகிறது என்று புத்தகசாலைக்காரர் முணுமுணுத்து வந்தது வெகு காலமாக. எவரும் செவி கொடுக்கவில்லை. சங்கத்தின் கணக்கிலிருந்து 1986 முதல் 2000 வரையிலான எண்களை ஒரே படத்தில் வரைந்து காட்டியபோது மறைக்க முடியாத உண்மை வெளிப்பட்டது. அப்பதினான்கு வருஷங்களில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி சுமார் 57 சதவீதம் உயர்ந்தது. புத்தகசாலைகள் ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்த விலையோ மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. அப்பணத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? புத்தகம் வாங்குவதைக் குறைத்து எடுத்தார்கள். விஞ்ஞான சஞ்சிகைகள் சரித்திரப் புத்தகத்தையும் இலக்கியப் புத்தகத்தையும் தின்றுவிட்டன. 2012 ஏப்ரல் மாதத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஆசிரியர் ஆலோசனைச் சபை விடுத்த யாதாஸ்து ஒன்று, சில பெரிய பிரசுரகர்த்தர்களின் சஞ்சிகைகளுக்குத் தங்களுக்கு ஆகும் வருஷச் செலவு 37½ லக்ஷம் டாலரை நெருங்கிவிட்டது என்றும், சில சஞ்சிகைகளின் விலை ஒவ்வொன்றும் வருஷத்துக்கு 40,000 டாலர் வரையில் இருக்கிறது என்றும், இப்படியே போனால் தாங்காது என்றும் கூறிற்று. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் எல்லாவற்றிலும் பெரிய புத்தகசாலையை உடைய ஹார்வர்டே தாங்காது என்றால், ஏழைத் தேசத்து ஸ்தாபனங்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் பிரசுரகர்த்தர்கள் வேறொரு தந்திரம் செய்தார்கள். சஞ்சிகைகளைத் தனித்தனியே விற்பதை விட்டு, நூற்றுக்கணக்கில் ஒரே மூட்டையாகக் கட்டி விற்றார்கள். மூட்டையின் விலையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் சேர்த்தார்கள். இதனால் ஜெரூல்டின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டது. பக்கத்துக் கடையில் என்ன விலை என்று தெரியாதபடி ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்து வியாபாரம் நடந்தது.

தியோடர் பெர்க்ஸ்ட்ராம் என்ற பொருளாதார ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் இந்தத் திரையை விலக்கினார்கள். அமெரிக்க மாகாணச் சர்வகலாசாலைகள் பொது ஸ்தாபனங்களாதலால், பொதுத் தஸ்தாவேஜுகளைக் குடிகள் பார்வையிடலாம் என்ற மாகாணச் சட்டங்களின்படி ஒப்பந்தங்களை அனுப்பும்படி கேட்டார்கள். 2009இல் எல்ஸ்வியர் என்னும் பிரசுர நிலையத்தார் வாஷிங்டன் மாகாணத்தில் இதைத் தடுக்க வியாஜ்யம் தொடுத்தார்கள். ஒப்பந்தத்தைக் காட்டலாம் என்றே நியாயஸ்தலம் தீர்மானித்தது. 2014இல் ஆராய்ச்சி முடிவுகள் வெளியாயின. 2009ஆம் வருஷத்தில் எல்ஸ்வியர் மூட்டைக்காக விஸ்கான்ஸின் சர்வகலாசாலை கொடுத்தது சுமார் 12 லக்ஷம் டாலர். மாணவர் தொகையில் ஏறக்குறைய அதற்குச் சமமான மிச்சிகன் சர்வகலாசாலை கொடுத்தது சுமார் 21½ லக்ஷம் டாலர். பேரம் பேசத் தெரியாததற்கு மிச்சிகன் வருஷத்துக்கு ஒன்பது லக்ஷம் டாலர் அபராதம் கட்டியது போலாயிற்று! தான் அபராதம் கட்டுவதாக அதற்குத் தெரியவும் வழியில்லை. 2009லேயே புத்தகசாலைச் சங்கத்தார் இரகசிய ஷரத்துக்குக் கையெழுத்திட வேண்டாம் என்று அங்கத்தினரை வற்புறுத்தினார்கள். இனி அத்தகைய ஷரத்துக்கு உடன்படுவதில்லை என்று கார்னெல் சர்வகலாசாலைப் புத்தகசாலை 2011இல் பகிரங்கமாய் அறிவித்தது.

ஊழியத்தை அளக்கும் விஷயம் ஒன்று பாக்கி. இரவல், கேள்விகளுக்கு விடை சொல்லுதல், பிற புத்தகசாலையிலிருந்து வரவழைத்தல் என்று பழைய தலைப்புகள் உண்டு. இணையம் பரவிய பின், மேஜையடியில் வந்து கேள்வி கேட்போர் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2000ஆம் வருஷம் முதல் இச்சங்கமும் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையும் சேர்ந்து, வாசகரையே நேராகக் கேட்கும் முறை ஒன்றை நடத்தின. குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் திருப்தி, இப்போது கிடைப்பது எவ்வளவு என்று ஒவ்வொரு விஷயத்திலும் மூன்று மதிப்பு வாங்கினார்கள். கெட்டிக்கார முறைதான், விவரத்தில் நாம் இறங்க வேண்டியதில்லை.

நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. மின்சஞ்சிகைகளின் உபயோகத்தை எல்லாப் பிரசுரகர்த்தரும் ஒரே விதமாக எண்ண வேண்டும் என்பதற்காக ‘கவுன்டர்’ என்னும் ஏற்பாடு 2002இல் தோன்றிற்று. கணக்கை எழுதுகிறவன் கடைக்காரனே. ஆகையால் வெளி ஆடிட்டரின் பரிசோதனை உண்டு என்று விதி. எத்தனை வியாசங்கள் எடுக்கப்பட்டன என்பதோடு, அனுமதி இல்லாமல் திரும்பிப் போனவர் எத்தனை என்பதையும் அதில் எழுதுகிறார்கள். கதவு வரையில் வந்து பசியோடு திரும்பினவர்களின் கணக்கு இது. அன்னசத்திரத்தில் உண்டவர் தொகையை எழுதாத மணியக்காரர் இல்லை. திரும்பிப் போனவர் தொகையை எழுதும் மணியக்காரரைப் பழைய நாளில் நாம் கண்டதில்லை.

இக்கலையில் நாம் முழுதும் பிறரிடம் பாடம் கேட்க வேண்டியவர்கள் அல்ல. சென்னை ராஜதானிக் கலாசாலையில் கணிதம் போதித்து வந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் புத்தகசாலைத் தலைவரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதியே உபயோகத்தைப் பற்றியது. நான்காவது வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. இருப்பின் பருமனைப் புகழும் விதி ஒன்றும் அவற்றில் இல்லை. 1948இல் இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பா என்ற ஊரில் கூடிய மகாநாட்டில், புத்தகசாலைக் காரியங்களைக் கணித ரீதியாக அளக்கும் தனிச் சாஸ்திரம் ஒன்று வேண்டும் என்று சொல்லி, அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். எண்ணத் தெரிந்த மனிதர்; எதற்காக எண்ணுகிறோம் என்பதும் தெரிந்தவர். 1957இல் சர்வகலாசாலை மானியக் கமிஷன் நியமித்த புத்தகசாலைக் கமிட்டிக்கும் அவரே அக்கிராசனர்.

அவர் பிறந்த நாட்டில் நடப்பது என்ன? கலாசாலைகளின் தரத்தை நிர்ணயிக்கும் சபையார் புத்தகச் செலவையும் தினசரி வருவோர் தொகையையும் கேட்டு வந்தனர். கேட்டது நியாயமே. சில வருஷங்களுக்கு முன் ஒரு கலாசாலைக்கு நாம் பேசப் போயிருந்தோம். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. புத்தகசாலை வாசலில் வருவோர் கையெழுத்து ரிஜிஸ்டர் ஒன்று இருந்தது. பொழுதுபோக்காகப் புரட்டினோம். மாதக்கணக்கில் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பெயர், ஒரு வாரத்தில் மட்டும் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல், பிறகு பழையபடி. அந்த வாரத்தில் என்ன விசேஷம் என்று கேட்டோம். பரிசோதகர்கள் வந்திருந்தார்கள் என்று அங்கிருந்த ஊழியர் வெட்கத்துடன் சொன்னார். அவரை நாம் குற்றம் சொல்லவில்லை. மேலுள்ளவர்கள் எண்ணைக் கேட்டார்கள். கீழுள்ளவர்கள் எண்ணைத் தயார் செய்தார்கள்.

‘ஒரே நாடு, ஒரே சந்தா’வின் கணக்கும் இவ்விதமாகிவிடக் கூடாது. திட்டத்தின் உபயோகத்தை அநுஸந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் அவ்வப்போது பரிசீலிப்பார்கள் என்று மந்திரி சபையின் அறிக்கையிலேயே கண்டிருந்தது. நிர்வாகம் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் கேந்திரத்தின் வசம் இருக்கிறது. இவர்கள் கையில் எண்கள் இருக்கும். அவை குடிகளின் கைக்கும் வர வேண்டும். 6,000 கோடி என்ற மொத்தம் எல்லோருக்கும் தெரியும். முப்பது பிரசுரகர்த்தர்களில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியே அச்சிட வேண்டும். ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் எத்தனை வியாசங்கள் எடுக்கப்பட்டன, திரும்பிப் போனவர் எத்தனை என்று வருஷந்தோறும் ஸ்தாபனத்தின் பெயர் போட்டு வெளியிட வேண்டும். 13,000 சஞ்சிகைகளில் ஒருவரும் திறவாதவை எத்தனை என்பதையும் கூசாமல் சொல்ல வேண்டும். திறவாமை சஞ்சிகையின் குற்றமா, மாணவனுக்கு அதை அறிவிப்பார் இல்லாத குற்றமா என்று பிறகு விசாரிக்கலாம். சிறிய கலாசாலைகளில் உபயோகம் பூஜ்யமாக இருக்குமானால், அங்கே கணினியும் வழிகாட்டும் ஊழியரும் இல்லை என்றே நாம் முதலில் சந்தேகிப்போம்.

வர்த்தக இரகசியம் என்ற பதில் வரக்கூடும். 2005ஆம் வருஷத்துத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அத்தகைய விலக்கை அளிப்பது மெய்தான். ஆனால் பெரிய அளவில் பொது நன்மை வேண்டுமானால் வெளியிடலாம் என்று அதே உட்பிரிவு சொல்லுகிறது. மூன்று வருஷத்தில் 6,000 கோடி ரூபாய் பொது நன்மைக்கு உட்பட்ட விஷயம் அல்ல என்று எந்த அதிகாரி பிரமாணம் செய்வார்? வாஷிங்டன் மாகாணத்து நீதிபதிக்கு நியாயமாய்த் தோன்றியது நம் தேசத்துக் கமிஷனருக்கும் தோன்றும் என்றே நம்புகிறோம்.

மற்றொரு விஷயம் நமக்கு இதைவிடவும் கவலை தருகிறது. மத்திய சந்தாவின் பயனாக, இதுவரை சொந்தப் பணத்தில் சஞ்சிகை வாங்கி வந்த சர்வகலாசாலைகளுக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாக வேண்டும். அந்த மிச்சம் எங்கே போகிறது? தமிழ்ப் புத்தகம் வாங்கவும், பூச்சி அரிக்கும் சுவடிகளைக் காப்பாற்றவும், காலியாயிருக்கும் புத்தகசாலை உத்தியோகங்களை நிரப்பவும் அது போனால் திட்டம் இரட்டிப்புப் பலன் தரும். ‘சஞ்சிகை டில்லியிலிருந்து வந்துவிடுகிறதே, புத்தகசாலைக்கு ஏன் பணம்?’ என்று பொக்கிஷ அதிகாரி கேட்டால், புத்தகசாலைத் தலைவரிடம் பதில் இருக்காது. கையில் கணக்கு இல்லாதவர் 1906இல் எப்படி நின்றாரோ அப்படியே நிற்பார். ஆகவே, நம் மாகாணத்துச் சர்வகலாசாலைகள் மத்திய சர்க்காரின் கணக்குக்காகக் காத்திராமல், சென்ற ஐந்து வருஷத்துப் புத்தகச் செலவு, சஞ்சிகைச் செலவு, ஊழியர் தொகை இம்மூன்றையும் ஒரே நமூனாவில் எழுதி ஒன்றாகச் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம். புதிய இலாகா வேண்டாம். சென்னையோ மதுரையோ ஏதேனும் ஒரு சர்வகலாசாலையின் புத்தகசாலைத் தலைவர் முன் வந்து மற்றவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

இப்போதைய ஒப்பந்தங்களுக்கான ஒதுக்கீடு 2027ஆம் வருஷத்தோடு தீருகிறது. அதற்கு மேல் சர்க்காரின் பிரதிநிதிகள் மறுபடியும் அந்த முப்பது பேரோடு பேரம் பேச உட்கார வேண்டும். பிரசுரகர்த்தர்களின் கையில் நம் மாணவர் ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை தடவை புரட்டினார் என்ற விவரம் முழுதும் இருக்கும். நம் தரப்பில் பேசப் போகிறவர்கள் என்ன காகிதங்களோடு போகப் போகிறார்கள் என்பதைப் பார்லிமெண்டிலுள்ள நம் அங்கத்தினர்கள் அதற்கு முன்னதாகவே கேட்டுத் தெரிந்து கொள்வார்களாக.